இரவுப் பணி

காலை ஆறு இருபது.
பால்பவுடர் ஆலையிலிருந்து திரும்புகிறாள் வீப்ரிக்,
இமைமயிரில் மாவு அப்பியபடி.
சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு
முதலில் கம்பிவலைக் கதவு, அப்புறம்தான் வீடு.
ஐந்து கோழிகள். பெயர் வைக்கவில்லை,
கால்வளையத்தின் நிறத்தைச் சொல்லியே கூப்பிடுகிறாள்.

நீலத்தின் கழுத்தில் தோல் தெரிகிறது.
மஞ்சளுக்கு முதுகு மழித்துவிட்டாற்போல;
கொண்டை, நாளுக்கு நாள்,
கழுவிக் கழுவி வெளுத்த துணியின் நிறம்.
நேற்று ஒரு தோல்முட்டை. இன்று அதுவுமில்லை.
வாசலில் கிடக்கும் தூவிகளை
ஃப்ரீஸ்லாந்துக் காற்று அள்ளிக்கொண்டுபோய்க்
கால்வாயில் போடுகிறது.
வாத்துகள் ஒருமுறை பார்த்துவிட்டு விலகுகின்றன.

இறகு உதிர்க்கும் பருவம் என்றான் ஹில்கே,
எதிர்க்கரையில் உருளைக்கிழங்கு போடுகிறவன்.
இது ஜூன், அது அக்டோபரில் அல்லவா?
கோழி என்ன காலண்டரா பார்க்கிறது என்றான்.

அவளுக்குச் சந்தேகம் சிவப்பின் மேல்.
தீனித்தட்டில் முதல் ஆள்; மற்றவற்றின் தலையில்
ஒரு கொத்து வைக்காமல் நகராது.
பழைய முயல்பெட்டியில் அதைத் தனியே அடைத்தாள்.
பதினொரு நாள்.
சிறையில் சிவப்பு தேறியது.
கொண்டையில் ரத்தம் ஏறியது,
முதுகுச் சொட்டையில் குருத்து விட்டது.
பார், என்றாள் வீப்ரிக் ஹில்கேயிடம்,
அடுத்தவள் இறகைத் தின்றே கொழுத்திருக்கிறது.
வெளியே நான்கும் இன்னும் இளைத்தன.
கணக்கு உதைத்ததை அவள் கவனிக்கவில்லை;
தூக்கம் வந்தது.

பகலெல்லாம் திரைபோட்டுத் தூங்குகிறவள்.
மணிக்கட்டில் ஓர் அரிப்பு.
கையுறை ரப்பர் உனக்குச் சேரவில்லை என்று
ஆலை நர்ஸ் களிம்பு கொடுத்திருந்தாள்.

புதன்கிழமை கொதிகலன் நின்றுபோனது.
ராத்திரி ஒரு மணிக்கே எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள்.
தூறல். கூண்டுக்கு வெளியே, ஏணிப்படியில்,
நனைந்துகொண்டு நின்றன நான்கும்.
அடைய வேண்டிய நேரத்தில் அடையாத கோழியை
அவள் அதுவரை பார்த்ததில்லை;
பார்க்கிற நேரத்தில் இங்கே இருந்ததுமில்லை.

போன் வெளிச்சத்தோடு தலையை உள்ளே விட்டாள்.
அடையும் கட்டையின் விரிசல் நகர்ந்தது.
ஆலையின் வெள்ளைக் கையுறை சட்டைப்பையில் இருந்தது;
மாட்டிக்கொண்டு
கட்டையின் அடிப்பக்கம் ஓர் இழுப்பு இழுத்தாள்.
விரல் நான்கும் சிவந்தன.

செள்.
கடுகைவிடச் சிறியது, குடித்த பிறகே சிவப்பு.
அவள் தூங்கும்போது விரிசலுக்குள் தூங்கி,
அவள் சைக்கிள் ஏறும் நேரம் பார்த்து
அவையும் வேலைக்குக் கிளம்பியிருக்கின்றன.
முயல்பெட்டி தகரம். அதில் விரிசல் ஏது?
களிம்பு தடவிய மணிக்கட்டை
வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்தாள்.

விடியட்டும் என்று இருக்கவில்லை.
கட்டைகளைப் பிடுங்கித் தூறலிலேயே எரித்தாள்.
கெட்டில் கெட்டிலாக வெந்நீர்.
காலையில் ஹில்கே தந்த மருந்துப்பொடி, மூலை முடுக்கெல்லாம்;
மறுபடி இமையெல்லாம் வெள்ளை.
ஏழாம் நாள் இன்னொரு தடவை போடணும்,
முட்டை பொரிந்துவிடும் என்றான் ஹில்கே.
இவ்வளவு தெரிந்தவன்
முன்னமே வாயைத் திறந்திருக்கலாம்.

மஞ்சள் வெள்ளிக்கிழமை போயிற்று.
தூக்கினால் கையில் எடையே இல்லை,
பிரித்துப் போட்ட தபாலுறை மாதிரி.
ஹில்கே மண்வெட்டியோடு வந்தான்.
அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு
தேவைக்கு மேல் ஆழமாகத் தோண்டினான்.

முயல்பெட்டியைத் திறந்துவிட்டாள்.
கோழியிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது?
ஒரு கை மக்காச்சோளம் கூடுதலாக இறைத்தாள்.
சிவப்பு வந்தது, நிதானமாகத் தின்று முடித்தது,
நேரே போய் நீலத்தின் மொட்டைக் கழுத்தில்
ஓங்கி ஒரு கொத்து.

அந்தக் கழுத்தில், உற்றுப் பார்த்தால்,
பென்சில் முனை மாதிரி ஏதோ முட்டிக்கொண்டிருக்கிறது.
உற்றுப் பார்க்க நேரமில்லை.
ஒன்பதரைக்கு ஷிப்ட்.